ஜெபத்துக்கு அங்கே, கல்லறைக்கு இங்கே

புதிதாகக் கிளம்புகிற பெரிய பெரிய கிறிஸ்தவ சபைகள் வளர்வதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே 'மதமாற்றம்' என்று ஒரு பக்கமும் 'எழுப்புதல்', அதாவது ஆவிக்குரிய விழிப்பு, என்று இன்னொரு பக்கமும் கிளம்பிவிடுகிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் இருந்து பார்க்கிற எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. நான் பார்த்தவரை அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆட்கள்தான், தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கின குடும்பங்கள்.

இந்தச் சீமையில் கிறிஸ்தவம் ஊர் ஊராக வளர்ந்தது. 1799-ல் கிறிஸ்தவர்களுக்கென்றே முதலூர் என்ற ஊர். 1820-ல் ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார், 1826-ல் அங்கே ஊசிக்கோபுரம் கோவில். கோவில், பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம் எல்லாம் ஊரோடு ஒட்டினது, அதனால் ஊரில் பிறந்தால் சபையிலும் பிறந்த மாதிரி, யாரும் வந்து கூப்பிட வேண்டியதில்லை. புதுச் சபை அப்படி இல்லை, தெருமுனைக்கு வேன் அனுப்பி ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுகிறது.

ஒரு தடவை நானும் போனேன். தகர ஷெட்தான், ஆனால் உள்ளே ஏசி, மேடைக்கு இரண்டு பக்கமும் எல்இடி திரை, பாட்டு வரிகள் அதில் ஓடுகிறது, ஞானப்பாட்டுப் புத்தகம் தேடவே வேண்டாம். காணிக்கைப் பைக்குப் பக்கத்திலேயே க்யூஆர் அட்டை. முதல் ஆராதனை முடிந்து வெளியே வருகிற கூட்டமும் இரண்டாவதுக்கு உள்ளே போகிற கூட்டமும் வாசலில் முட்டிக்கொள்கிறது. மாசம் பிறந்தால் வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை வேறு.

ஆனால் ஆள் நிற்பது ஏசிக்காக இல்லை. தென்கொரியாவின் சியோலில் யோங்கி சோ என்ற பாஸ்டர் 1958-ல் கூடாரத்தில் ஆரம்பித்த சபை உலகத்திலேயே பெரியதாக வளர்ந்ததற்கு முக்கியக் காரணம், வீடுகளில் சின்னச் சின்னதாகக் கூடி ஜெபிக்கிற வீட்டுக் குழுக்கள். 1960-களில் அவர் உடம்பு முடியாமல் விழுந்தபோது அந்தப் பொறுப்பைப் பெண்களிடம் கொடுத்தார். சென்னை சின்னமலையில் 1973-ல் மோகன் பாஸ்டர் தொடங்கின ஏ.ஜி. (அசெம்பிளி ஆஃப் காட்) சபையும் அந்த வழியில் போனதுதான். இங்கேயும் அதேதான் நடக்கிறது. எங்கள் அத்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சேகரகுரு (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரத்துக்குப் பொறுப்பான எங்கள் ஐயர்) வருவதற்கு முன்னால் அந்தக் குழுவில் இருந்து நாலு அக்காமார் இட்லியோடு வந்துவிட்டார்கள். அவரையும் குறை சொல்ல முடியாது, அத்தனை சபைக்கும் அவர் ஒருவர்தான்.

அந்த அத்தை இப்போது ஞாயிறு தவறாமல் அங்கேதான் போகிறாள். ஆனாலும் இங்கே எங்கள் சபைக்குக் கட்டுகிற சங்கம் என்ற சந்தாவை மட்டும் பாக்கி வைப்பதில்லை. ஏன் என்று கேட்டேன். "ஏல, சங்கம் கெட்டாம உட்டா நாளைக்கு என்னிய எங்க கொண்டு பொதைப்பாவ?" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் சபையில் அறிவிக்கிற ஓலைக்கும் இங்கேதான் வர வேண்டும்.

கணக்கு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. எங்கள் திருமண்டலத் (பிஷப்பின் கீழ் உள்ள சபைகளின் நிர்வாகம்) தேர்தல் சண்டையைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை, கோர்ட் கேஸ் வரை போகிறோம். சரி, ஆனால் சண்டை போடவாவது ஒரு கமிட்டி இருக்கிறது. பல தனிச் சபைகளில் பாஸ்டர், பாஸ்டர் அம்மா, அப்புறம் மகன், அவ்வளவுதான். யோங்கி சோவுக்கே 2014-ல் சபைப் பண விவகாரத்தில் தண்டனை ஆயிற்று. இதை அத்தையிடம் சொன்னால் "ஊழியக்காரரக் குத்தம் சொல்லாதல" என்பாள்.

இப்போது எங்கள் சேகரத்திலும் தெருவாரியாக வீட்டு ஜெபம் ஆரம்பித்திருக்கிறார்கள். நல்ல கூட்டம். நடத்துகிறவர்கள் யாரென்று பார்த்தால், பாதிப்பேர் அங்கே போய்ப் பழகினவர்கள்.