சமரசப் பேச்சுக்குப் போகும் முன்

குடும்பத் தகராறைக் கோர்ட்டுக்கு வெளியே பேசித் தீர்க்க நினைக்கிறவர்களுக்கு இது. இரு தரப்புக்கும் நடுவில் இருந்து பேச உதவுகிறவர்தான் சமரசர்; அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். முடிவு உங்கள் இருவர் கையில்தான்.

பெரும்பாலும் முதலில் இரு தரப்பையும் சேர்த்து உட்கார வைப்பார்கள், பிறகு தனித்தனியாகப் பேசுவார்கள். தனியாகப் பேசும்போது எதை மறுபக்கத்திடம் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று சமரசரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, கடன் பாக்கி, சொத்துப் பத்திரம் எல்லாம் கையில் இருக்கட்டும். மறைத்த கணக்கு ஒன்று பின்னால் தெரிந்தால் மொத்தப் பேச்சும் உடைந்துவிடும்.

அதிகம் சொதப்புவது ஒப்பந்தம் எழுதும் இடத்தில்தான். "குழந்தையை அவ்வப்போது பார்க்கலாம்" என்ற ஒரு வரி அடுத்த சண்டைக்கு விதை. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யார் கூட்டிப்போய் யார் கொண்டுவந்து விடுவது, பள்ளி விடுமுறையை எப்படிப் பிரிப்பது, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யாருக்கு எப்படித் தகவல், எல்லாம் எழுத்தில் வேண்டும். பணமும் அப்படியே: தொகை, தேதி, எந்தக் கணக்கு, எதுவரை, தாமதமானால் என்ன.

களைத்துப்போன நேரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வரைவை உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். அதைச் சட்டப்படி நிறைவேற்ற வைக்க என்ன செய்ய வேண்டும் என்றும் அப்போதே கேளுங்கள். சில இடங்களில் வெறும் கையெழுத்து மட்டும் போதாது.

அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் சமரசத்துக்கு அவசரப்படவே வேண்டாம். பயத்தில் சொல்லும் "சரி" சம்மதம் ஆகாது. முதலில் பாதுகாப்பு.