பினாங்கில் கேட்ட ஜான் குவின் கதை

கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் பட்டர்வொர்த் போய், பெரி ஏறிப் பினாங்கு சேரும் பயணத்தைப் பற்றி எழுதப் புதிதாக ஒன்றுமில்லை. தண்ணீர்மலைப் பக்கம் வசிக்கும் ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பதே இம்முறை நோக்கம். நியூயார்க் பொது நூலகத்தில் உள்ள நவீன ஓவியங்களைச் சேகரித்த அமெரிக்க வழக்கறிஞர் ஜான் குவினின் கடிதத் தாள்களை நேரில் வாசித்து வந்தவர் அவர்.

"முதலில் லோகனைப் பார்த்துவிடலாம், தம்பி" என்று லெபோ லைட்டில் உள்ள நீதிமன்ற வளாகத்துக்கு அழைத்துப் போனார். 1819இல் ஸ்காட்லாந்தில் பிறந்து பினாங்கில் வழக்கறிஞராகப் பெயர் பெற்ற ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், ஐரோப்பியர் அல்லாதவர்களின் உரிமைக்காகவும் வாதாடியவர். 'இந்தோனேசியா' என்ற பெயரை 1850இல் தம் ஆய்விதழில் எடுத்தாண்டவரும் அவரே. 1869இல் மலேரியாவில் இறந்தார். நினைவுச்சின்னம் இங்கே நிற்க, அவர் சேர்த்த மொழிநூல்கள் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் நூலகத்துக்குப் போய்விட்டன. சேகரித்த வழக்கறிஞர்களின் பொருள்கள் ஓரிடத்தில் தங்குவதில்லை என்று ஐயா அங்கேயே பேச்சைக் குவினிடம் திருப்பினார்.

ஓஹாயோவில் 1870இல் பிறந்த குவின், நியூயார்க்கில் நிதி நிறுவனங்களுக்கு ஆலோசகராக இருந்து ஈட்டிய பணத்தில் பிக்காசோ, மத்தீஸ், பிரான்குசி ஆகியோரின் படைப்புகளை வாங்கிக் குவித்தார்; பாரிசில் அவருக்காகத் தேடித் திரிந்தவர் ஆன்றி-பியேர் ரோஷே. சமகால ஓவியங்களுக்கு இருந்த இறக்குமதி வரியை 1913இல் அமெரிக்கா நீக்கியதற்குக் குவினின் விடாமுயற்சி முக்கியக் காரணம். நம் மலாய்த் தீவுக்கூட்டத்துக் கடல்களைக் கதைக்களமாக்கிய ஜோசப் கான்ராடின் கையெழுத்துப் படிகளையும் அவர் வாங்கியிருந்தார் என்பது, பினாங்குத் துறைமுகத்துக்கு இவ்வளவு அருகில் நின்று கேட்டபோது எனக்குத் தனிச் சுவையாக இருந்தது. அவற்றை 1923இல் ஏலத்தில் விட்டார். மறு ஆண்டே, 54 வயதில், புற்றுநோயால் மறைந்தார். சேராவின் 'சர்க்கஸ்' ஓவியத்தை லூவ்ருக்கு உயில் எழுதி வைத்தார். மற்றவற்றில் பெரும்பகுதி விற்கப்பட்டுச் சிதறியது. ரூசோவின் 'உறங்கும் ஜிப்சி' 1926இல் பாரிஸ் ஏலத்தில் கைமாறி, பின்னர் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்தது.

சிதறாமல் நின்றவை தாள்களே. ஓவியர்களும் எழுத்தாளர்களும் அவருக்கு எழுதியவற்றோடு, அவர் சுருக்கெழுத்தாளரிடம் சொல்லி எழுதுவித்த நீண்ட பதில்களின் நகல்களும் அந்த நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. "கட்சிக்காரருக்கு எழுதும் கடிதத்துக்கு நகல் வைக்காத லோயர் உண்டா?" என்று ஐயா சிரித்தார். அந்தத் தொழில்பழக்கம்தான், எந்த ஓவியத்துக்கு எவ்வளவு கொடுத்தார், எவரோடு சண்டை பிடித்தார் என்பதையெல்லாம் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது. அவருடைய ரசனையைவிட இந்தப் பழக்கத்துக்கே நாம் அதிகம் கடன்பட்டிருக்கிறோம் என்பேன். ஓவியம் கைமாறினாலும் ஓவியமாகவே இருக்கும். கடிதமோ பதிலிலிருந்து பிரிந்தால் பாதியாகிவிடும்.

தண்ணீர்மலை வீட்டில், தோசையும் தே தாரிக்கும் முடிந்தபின், ஐயா தம் குறிப்பேடுகளை விரித்து இன்னொரு கதை சொன்னார். அந்தக் கடிதங்களை வாசிக்கலாம், 1988 வரை வெளியிடக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. பீட்டர் கவானா என்ற அயர்லாந்துக்காரர் நூலகத்தில் அமர்ந்து பகுதி பகுதியாக மனப்பாடம் செய்து, 1960இல் தம் கை அச்சகத்தில் ஒரு சிறு நூலாக அச்சிட்டுவிட்டார். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. படிகள் அழிக்கப்பட வேண்டியதாயிற்று.

நான் கவானா பக்கம் பேசினேன். உயில் எழுதியவன் இறந்தபின் அவனுக்காகப் பேச அந்தத் தாளைத் தவிர வேறு யாருமில்லை என்று ஐயா நூலகத்தின் பக்கம் உறுதியாக நின்றார். நாற்பது ஆண்டு நீதிமன்றத்தில் நின்ற வாய் அது. நான் எடுத்து வைத்த வாதங்களில் ஒன்றைக்கூட அவர் ஒப்புக்கொள்ளவில்லை.