பக்கம் புரட்டியவளின் நாட்குறிப்பு

மார்ச் 3, 2024, ஞாயிறு

அலுவலகத் தோழியின் அக்கா பியானோ வாசிப்பவர். மேடையில் வழக்கமாக அவருக்கு நோட்ஸ் (இசைக் குறிப்பு) புத்தகத்தின் பக்கம் புரட்டும் பையனுக்குப் பரீட்சை. நோட்ஸ் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், வருகிறாயா என்றார். சென்னையில் பதினைந்து வயது வரை டிரினிட்டி கிரேடு பரீட்சைகளுக்கு வாசித்ததோடு சரி. லண்டன் வந்த ஆறு வருஷத்தில் பியானோவைத் தொட்டதே இல்லை. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

வடக்கு லண்டனில் ஒரு சின்ன சர்ச், 16ஆம் தேதி மாலை. சொனாட்டா என்றால் இங்கே வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும், சில பகுதிகள் கொண்ட படைப்பு. முதலில் பேத்தோவனின் 'ஸ்பிரிங்' சொனாட்டா, இடைவேளைக்கு அப்புறம் செஸார் ஃபிராங்க்கின் ஏ மேஜர் சொனாட்டா. போஸ்டர் முழுக்க வயலின்காரர் படம். அடியில் பொடி எழுத்தில் 'பியானோவுடன்' என்று அக்காவின் பெயர். பார்த்துச் சிரித்தார், மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "அப்ப பியானோ பக்கவாத்தியம். நீ பக்கவாத்தியத்துக்குப் பக்கவாத்தியமா?"

மார்ச் 6, புதன்

அம்மா சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. பேத்தோவன் காலத்து அச்சுப் பிரதிகளின் முகப்பில் பியானோ பெயர்தான் முதலில். 'வயலினுடன்' என்பது பின்னால் வரும். 1801இல் வந்த 'ஸ்பிரிங்'கும் அப்படித்தான். வயலின் பத்து பார் (தாளக் கட்டம்) பாடிவிட்டு அதே மெட்டைப் பியானோவிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்று பின்னணி வாசிக்கிறது. போஸ்டர் அடித்தவர்கள் இதையெல்லாம் கேட்டார்களா என்று தெரியவில்லை.

ஃபிராங்க் கதை இன்னும் ருசி. 1886 செப்டம்பர், பெல்ஜியத்தின் ஆர்லோன் ஊரில் வயலின் மேதை யூஜீன் இசாயிக்குக் கல்யாணம். பாரிஸில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த அறுபத்துமூன்று வயது ஃபிராங்க், கல்யாணப் பரிசாக இந்த சொனாட்டாவை நண்பர் மூலம் அனுப்பிவைத்தார். கல்யாணத்தன்று காலையில் கைக்கு வந்தது. அவசரமாக ஓர் ஒத்திகை, உடனே விருந்தினர் முன் வாசிப்பு. மாப்பிள்ளையே வாசித்த கல்யாணக் கச்சேரி! பியானோவில் லியோன்தீன் போர்த்-பென். என்னைக் கேட்டால் பதைபதைத்திருக்க வேண்டியது அவர்தான். இதன் பியானோ பகுதியை அன்று காலை பார்த்து அன்றே வாசிப்பது என்பது மனித காரியமில்லை.

அதே வருஷம் டிசம்பர் 16இல் பிரஸ்ஸல்ஸில் ஓர் ஓவியக் கூடத்தில் முதல் பொது அரங்கேற்றம், அதே இருவர். படங்கள் கெட்டுவிடும் என்று விளக்கேற்ற அனுமதியில்லை. குளிர்கால மாலை. முதல் பகுதி முடிவதற்குள் நோட்ஸ் கண்ணுக்குத் தெரியவில்லை. மிச்ச மூன்று பகுதிகளையும் இருவரும் இருட்டில் மனப்பாடமாக வாசித்து முடித்தார்கள் என்று அங்கே இருந்த ஃபிராங்க்கின் மாணவர், இசையமைப்பாளர் வான்சான் தாந்தி எழுதி வைத்திருக்கிறார். பக்கம் புரட்ட ஆள் வைத்திருந்தால், அவருக்கு அன்று பாதியிலேயே வேலை முடிந்திருக்கும்.

வேலைக்குப் போகும் வழியில் கடக்கிற விக்மோர் ஹால் என்ற கச்சேரி அரங்குக்கும் இசாயிதான் திறப்பு விழா நாயகர்: 1901 மே 31, கூடவே பியானோ மேதை புசோனி. அப்போது அதன் பெயர் பெக்ஸ்டைன் ஹால். கட்டியது ஒரு பியானோ கம்பெனி.

மார்ச் 10, ஞாயிறு

முதல் ஒத்திகை. பக்கம் புரட்டுவது கலை என்று இன்றுதான் புரிந்தது. வாசிப்பவரின் இடது பக்கம், அரையடி பின்னால் நாற்காலி. எழுந்து, இடது கையால் வலது மேல் மூலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முழங்கை அவர் பார்வையில் குறுக்கே வரக் கூடாது. அவர் கண் கைக்கு ஒரு பார் முன்னால் ஓடுவதால், அந்தப் பக்கம் முடிவதற்கு முன்பே தலையசைப்பார். வளையல் ஆகாது. கண்ணாடி வளையல் இரண்டையும் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டேன்.

ஃபிராங்க்கின் இரண்டாம் பகுதியில் மாட்டினேன். டி மைனர் என்ற சுரவரிசையில் பியானோ கீழே குமுறிக்கொண்டு ஆரம்பிக்கும். இரண்டு கையும் இடைவிடாமல் ஓடும். அந்த வேகத்தில் எங்கே இருக்கிறோம் என்று தொலைத்துவிட்டு, பயத்தில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன். அவர் நிறுத்தவில்லை. காணாமல் போன பக்கத்தை மனதிலிருந்து வாசித்துக்கொண்டே இடது கையால் ஒரு தாளைத் திருப்பிவிட்டார். வயலின்காரர் கவனிக்கவே இல்லை. முடிந்ததும் அக்கா பென்சிலை நீட்டி, ஒவ்வொரு மூலையையும் மேல்நோக்கிச் சற்று மடித்து வைக்கச் சொன்னார். அவ்வளவுதான் திட்டு.

மார்ச் 14, வியாழன்

மூடிச் சண்டை. பியானோ மூடியைப் பாதி இறக்கச் சொல்கிறார் வயலின்காரர். தன் சத்தம் அமுங்கிப்போகிறதாம். மூடினால் சத்தம் குறையாது, மங்கும் என்கிறார் அக்கா. என்னைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னேன்: இரண்டாம் பகுதியில் வயலின் முங்குகிறது. அக்கா முகம் சுருங்கியது. மூடி மட்டும் இறங்கவில்லை. பெடலைக் குறைத்து, இடது கையை லேசாக்கி மறுபடி வாசித்தார். இப்போது ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெரிந்தது, மேலே வயலின் மிதந்தது.

மார்ச் 16, சனி

சர்ச்சில் ஹீட்டர் பாதிதான் வேலை செய்தது. பியானோ கொடுத்த ஸ்ருதிக்குத் தந்திகளைச் சேர்த்த பத்தாவது நிமிஷமே வயலின் நழுவியது. பேத்தோவனின் ஒவ்வொரு பகுதி முடிவிலும் வயலின்காரர் காதைச் சாய்த்து முடுக்கிக்கொண்டிருந்தார். ஃபிராங்க் இரண்டாம் பகுதி முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாதிப்பேர் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளேயே அவர் சுருக்காக ஸ்ருதி சரிசெய்ததை நான் மட்டும் கிட்டத்தில் பார்த்தேன்.

கடைசிப் பகுதியில் பியானோ முதலில் மெட்டை எடுக்கிறது. ஒரு பார் தள்ளி வயலின் அதே மெட்டோடு பின்னாலேயே வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்போது அக்கா மூச்சு விடுவதும் அவர் வில்லைத் தூக்குவதும் ஒன்றாகவே நடக்கின்றன. திரும்பிப் பார்த்துக்கொள்வதுகூட இல்லை. ஒரு தலையசைப்பை விட்டுவிட்டேன். ஆனால் கை தானாகச் சரியான இடத்தில் புரட்டிவிட்டது.

கைதட்டலுக்கு வயலின்காரர் முன்னால் வரவில்லை. பியானோ பக்கம் போய் நின்று, அக்கா எழுந்த பிறகுதான் குனிந்தார்.

மார்ச் 17, ஞாயிறு

ஒத்திகையில் அனுமதி வாங்கிப் பதிவு செய்த கடைசிப் பகுதியை அம்மாவுக்கு அனுப்பினேன். இரண்டு தடவை கேட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

"முதல்ல எடுக்கறது பியானோவா?"

"ஆமாம்."

"அது முன்னால போகுது, பிடில் பின்னாலயே ஓடுது. நீ அன்னிக்கு மாத்திச் சொல்லிட்டியா?"

நான் மாற்றிச் சொல்லவில்லை, போஸ்டர்தான் என்றேன். கோட்டுப் பையில் வளையலைத் தேடியபோது அக்காவின் பென்சிலும் சேர்ந்து வந்தது. நாளைக்குத் தோழியிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.