இன்னும் இரண்டு வரி

நம் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டதும், எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நம் கணக்கு சாரின் சட்டைப்பைதான். எப்போதும் சுண்ணாம்புக் கறை படிந்த பை. லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கான பாங்கு காதில் விழுந்தால் எழுதிக்கொண்டிருக்கும் வரியை அப்படியே விட்டுவிட்டு, சாக்கட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். பலகையில் சமக்குறி மட்டும் நின்றுகொண்டிருக்கும், விடை இருக்காது. பள்ளிவாசலுக்குப் போகாத மற்றப் பிள்ளைகள் அந்தக் கணக்கை முடித்து வைக்க வேண்டும். ஈரம் காயாத முகத்தோடு திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்தே தொடர்வார். முதல் பெஞ்சுக்காரன் ஒருவன், "இன்னும் ரெண்டு வரிதானே சார், முடிச்சிட்டுப் போகலாமே" என்று கேட்டுவிட்டான்.

"ரெண்டு வரி முடிஞ்சா அடுத்த கணக்கு வரும்டா" என்றார்.

இந்தக் காலத்து அதிகாரி யாராவது பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ தெரியாது. ஆனால் அவர் பாடம் ஒருநாளும் பாக்கி நின்றதில்லை. விட்டதை மாலையில் உட்கார வைத்து முடித்துவிடுவார்.

அந்த 'அடுத்த கணக்கு' எனக்குப் புரிந்தது மலேசியாவின் பினாங்குக்கு வந்த பிறகுதான். ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகள் பலரைப் போல நானும் முதலில் நின்றது சோறும் குழம்பு வகைகளும் விற்கும் ஒரு நாசி கண்டார் கடையில். முதலாளியும் நம் பள்ளிக்கூடம்தான், எனக்கு வெகு முந்தைய செட். ஊர் முறையில் மாமா என்றே கூப்பிடுவோம். இங்கே லுஹர் நேரம் பகல் ஒரு மணி தாண்டித்தான் வரும். சாப்பாட்டுக் கூட்டம் வாசலுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும் நேரமும் சரியாக அதுதான். ஒரு கையில் சோற்றுத் தட்டு, மறு கையில் ஆணக் (குழம்பு) கரண்டி, சோறு முங்க ஊற்றும் 'குழம்பு பஞ்சிர்' கேட்டு எதிரே நாலு பேர். அப்போது பாங்கு வரும்.

மாமா ஒரு முறை வைத்திருந்தார். பாங்கு சொன்னதும் பாதிப் பேர் மாடிக்குப் போய்க் கை கால் முகம் கழுவி ஒளு செய்து தொழுதுவிட்டு வரவேண்டும், அவர்கள் இறங்கியதும் மீதிப் பேர். முதல் பாதியில் யார் போவது என்பதில் அவர் கண்டிப்பு. அன்றைக்கு யாருக்கு வேலை அதிகமோ அவனைத்தான் முதலில் அனுப்புவார். "வேலை இல்லாதவன் எப்படியும் தொழுதிடுவான். வேலை இருக்கிறவன்தான் 'இதோ, இதோ'ன்னு சாயங்காலத் தொழுகை அஸர் வரைக்கும் இழுப்பான்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு வேறு கணக்கு. அரசாங்க அலுவலகங்களுக்கு 12.15 முதல் 2.45 வரை இடைவேளை. 12.20க்கெல்லாம் கூட்டம் வந்து மோதும். ஒரு மணிக்கு முன்பே எல்லோருக்கும் போட்டு அனுப்பிவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டு கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு நடப்போம். 1801-இல் அந்தப் பள்ளி எழ முன்னின்ற காதர் முகைதீனே ஒரு வணிகர்தான். கடைத்தெருவுக்குப் பாங்கு கேட்கிற தூரத்தில் பள்ளியை வைத்தவருக்கு நம் சங்கடம் தெரியாமலா இருந்திருக்கும்?

குர்ஆனின் ஜும்ஆ அத்தியாயத்தில் இதைப் பற்றியே வசனம் இருக்கிறது. தொழுகைக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு விரைந்து வாருங்கள் என்கிறது. அதற்கு அடுத்த வசனத்தைச் சொல்பவர்கள் குறைவு. தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்று அது நம்மைக் கடைக்கே திருப்பி அனுப்புகிறது. நபிகள் நாயகம் (ஸல்) வீட்டில் என்ன செய்வார்கள் என்று அவர்களுடைய மனைவி ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்றுதான் சொன்னார்கள். நீட்டித் தொழ நினைத்து நின்றாலும், குழந்தை அழும் சத்தம் கேட்டால் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கியவர்கள் நபிகள் நாயகம். எனவே பிள்ளை அழ அழ வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளியில் போய்க் கதை பேசி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். குடும்பத்தைச் சாக்காகச் சொல்லி நாளைத் தள்ளுகிறவர்களைப் பார்த்தாலும் அதே கோபம்தான்.

தள்ளிப்போடுவதில் பெரியது ஹஜ். பினாங்குக்காரர்களுக்கு இதில் பழைய உறவு உண்டு. கப்பல் காலத்தில் சுமத்ராவிலிருந்தும் தென் தாய்லாந்திலிருந்தும் வரும் ஹாஜிகள் லெபோ ஆச்சே தெருவில் தங்கித்தான் கப்பல் ஏறுவார்கள். மக்காவுக்குப் போகும் துறைமுகமான ஜித்தாவை வைத்து, இரண்டாம் ஜித்தா என்றே அதற்குப் பெயர். அந்தக் காலத்தில் கம்பத்து (கிராமத்து) மக்கள் நிலத்தையும் மாட்டையும் விற்று ஹஜ்ஜுக்குப் போய்வந்து, மிச்ச காலம் வறுமையில் கிடந்தார்கள். அதைப் பார்த்துத்தான் பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ் 1959-இல் ஒரு சேமிப்புத் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1963-இல் வந்த, இன்றைய ஹஜ் சேமிப்பு நிறுவனமான தாபோங் ஹாஜியின் வேர் அதுதான். 1,300 வெள்ளி (ரிங்கிட்) கணக்கில் இருந்தால் பெயர் பதியலாம். ஆனால் இப்போது மலேசியாவுக்கு ஆண்டு ஒதுக்கீடு 31,600 பேர்தான், வரிசையோ தலைமுறை கணக்கில் நிற்கிறது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் பதியலாம் என்று இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மாமாவுக்கு ஹஜ் அழைப்புக் கடிதம் வந்தது மகள் நிக்காஹ் நிச்சயமாகியிருந்த வருஷத்தில். கல்யாணத்துக்குக் குறித்ததும் ஹஜ் பயணத்தை ஒட்டிய நாள். வீட்டில் பெரிய பேச்சு. "இத்தனை வருஷம் காத்திருந்தது இன்னொரு வருஷம் நிக்காதா?" என்றார் மாமி.

"நிக்கும். நாம நிப்போமா?"

மறுநாளே சம்பந்தி வீட்டுக்குப் போய் கல்யாண நாளை, ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஅபானுக்கு முன்தள்ளிக் கேட்டார். அவர்கள் முகம் சுளித்தார்கள். மண்டபம் கிடைக்கவில்லை, கடை மாடியிலேயே பந்தி. ஊரிலிருந்து வரவேண்டிய சொந்தங்களில் பலருக்கு டிக்கெட் அமையவில்லை. மாமிக்கு அந்த வருத்தம் இன்றும் போகவில்லை, அது நியாயமான வருத்தமும்கூட.

அப்புறம் கடன். ஹஜ்ஜுக்குப் போகிறவர் கடனைத் தீர்த்து, திரும்பும் வரை வீட்டுச் செலவுக்கும் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மாமா ஒரு சின்ன நீல நோட்டோடு கடைத்தெரு முழுக்க ஏறி இறங்கினார், என்னையும் கூட்டிக்கொண்டு. அரிசி மண்டி, மசாலாக் கடை, கோழிக்காரச் சீனர். பணத்தை எண்ணி வைப்பார், பேனாவால் பெயரை அடிப்பார், "ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சுக்குங்க" என்பார். கோழிக்காரருக்கு அது புதுசு. வியாபாரத்தை மூடப்போகிறாரோ என்று பதறி, அடுத்த மாத ஆர்டர் உண்டா என்று என்னிடம் தனியாகக் கேட்டார்.

கடையைப் புது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டார். கல்யாணம் முந்தியதால் வந்த வசதி அது. மாமா ஹாஜியாராகத் திரும்பி வந்து, வந்தவர்களுக்கெல்லாம் ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். முதல் நாள் கடைக்கு வந்ததும் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு மீன் ஆணத்தை ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். அன்று மாலை சம்பந்தியிடம் சொன்னது இதுதான்: "மாப்பிள்ளை கல்லாவுல கெட்டிக்காரர். ஆணத்துல மட்டும் கை வைக்க வேணாம்னு சொல்லுங்க."