ஜிஎஸ்-14 மேற்பார்வையாளர் வேலை: அறிவு போதும், காகிதம்தான் போதவில்லை

சிபிபி எனப்படும் அமெரிக்க சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையில் உளவுத் தகவல் பகுப்பாய்வாளர் குழுக்களுக்கு மேற்பார்வையாளர் வேலை 0132 என்ற உளவுப் பணித் தொடரில், ஜிஎஸ் எனப்படும் கூட்டாட்சி ஊதிய அடுக்கின் 14ஆம் கிரேடில், அதாவது ஜிஎஸ்-14 நிலையில் வரும். வேறொரு கூட்டாட்சித் துறையில் ஜிஎஸ்-13 ஆக இருந்து அதற்கு மாறி முடித்த கையோடு எழுதுகிறேன். எரிச்சல் இன்னும் ஆறவில்லை. முதல் சல்லடையைக் கையில் வைத்திருப்பவர் ஓர் எச்ஆர் ஊழியர். உங்கள் அறிக்கை எவ்வளவு கூர்மையானது என்று அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தேதி இருக்கிறதா, கிரேடு இருக்கிறதா, அறிவிப்பில் கேட்ட அனுபவம் ரெஸ்யூமேயில் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் டிக், இல்லாவிட்டால் வெளியே.

கூட்டாட்சி வேலைகளுக்கான தளமான யூஎஸ்ஏஜாப்ஸில் அறிவிப்பைத் தேடிப் பிடிப்பது பெரிய வேலை இல்லை. ஒரே வேலைக்கு இரண்டு அறிவிப்பு எண்கள் வருவதுண்டு: ஒன்று பொதுமக்களுக்கு, இன்னொன்று ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு. இரண்டுக்கும் தகுதி இருந்தால் தனித்தனியாகப் போடுங்கள், ஒன்றில் போட்டது மற்றதில் சேராது. அப்புறம், கடைசித் தேதியை நம்ப வேண்டாம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் விண்ணப்பங்கள் வந்துவிட்டால் அன்றிரவே மூடிவிடும் என்ற வரி பல அறிவிப்புகளின் அடியில் ஒளிந்திருக்கும். அதனால் காகிதமெல்லாம் அறிவிப்பு வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

அந்தக் காகிதங்களில் உயிரை எடுப்பது எஸ்எஃப்-50, அதாவது நியமனம், பதவி உயர்வு, ஊதிய மாற்றம் ஒவ்வொன்றையும் பதிவு செய்யும் படிவம். ஜிஎஸ்-14க்குப் போக ஜிஎஸ்-13இல் 52 வாரம் இருந்திருக்க வேண்டும், அதை எஸ்எஃப்-50தான் நிரூபிக்க வேண்டும். அதில் பார்ப்பது நாலைந்து கட்டங்கள்: 16இல் சம்பளத் திட்டம், 17இல் தொடர் எண், 18இல் கிரேடு, 24இல் பணிநிலை, 34இல் போட்டி நியமன விதிகளுக்கு உட்பட்ட பணியா அவற்றிலிருந்து விலக்குப் பெற்ற பணியா என்பது. விருதுக்காகக் கொடுத்த எஸ்எஃப்-50 எதற்கும் உதவாது. பணிக் கோப்பின் மின்வடிவமான இ-கோப்பில் மேலே தெரிவது பெரும்பாலும் அதுதான், அவசரத்தில் அதையே ஏற்றிவிட்டு வெளியே விழுந்தவர்கள் ஏராளம்.

என் கோப்பில் பதவி உயர்வுக்கான எஸ்எஃப்-50 ஏறவே இல்லை. பழைய அலுவலகத்தின் எச்ஆர் பிரிவில் கேட்டால் ஒரே பதில்: “சிஸ்டத்தில் ஏறும்போது ஏறும், காத்திருங்கள்.” இங்கே அறிவிப்பு மூடப்போகிறது, அங்கே அவர் டிக்கெட் எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விட்டார். மேலதிகாரியைச் சேர்த்து மின்னஞ்சல் போட்டாலும் அதே டிக்கெட் எண்தான் திரும்பி வந்தது. கடைசியில் வழி வேறு பக்கம் இருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் பொது ஊதிய உயர்வுக்காக ஓர் எஸ்எஃப்-50 தானாக விழும். ஒரே கிரேடில் ஓராண்டுக்கு மேல் இடைவெளி உள்ள இரண்டு எஸ்எஃப்-50கள் இருந்தால் 52 வாரக் கணக்கு நிரூபணமாகிவிடும். பதவி உயர்வுக் காகிதம் தேவையே படவில்லை. ஸ்டெப் (ஒரே கிரேடுக்குள் உள்ள ஊதியப் படி) உயர்வுக்கான எஸ்எஃப்-50 இருந்தால் இன்னும் நல்லது. இதை அந்த எச்ஆர் ஊழியர் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்!

துறை மாறும் எண்ணம் இருந்தால் எல்லா எஸ்எஃப்-50களையும் இன்றே தரவிறக்கிக்கொள்ளுங்கள். வெளியேறிய பிறகு அந்தக் கோப்புக்குள் நுழைய முடியாமல் தவிப்பவர்கள் பலர். யூஎஸ்ஏஜாப்ஸில் சேமித்து வைத்தாலும் அது விண்ணப்பத்தோடு தானாகப் போய்விடாது. துறையின் தளத்துக்குத் தாண்டிய பிறகு ஒவ்வோர் ஆவணத்துக்கும் எதிரே வகையைத் தேர்ந்தெடுத்து இணைக்க வேண்டும். சமர்ப்பித்த பின் உள்ளே போய் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மூடிய பிறகு அனுப்பும் காகிதத்தை யாரும் தொட மாட்டார்கள்.

நம் ஊரில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு ஒரு செலவு மிச்சம். பட்டத்தை அமெரிக்கப் பட்டத்துக்கு இணையாக மதிப்பிட்டுச் சான்று வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால், ஜிஎஸ்-14க்கு வேண்டாம். இந்த நிலையில் அனுபவத்துக்குப் பதிலாகப் படிப்பைக் காட்டவே முடியாது, அனுபவம் மட்டும்தான் கணக்கு.

ரெஸ்யூமே விஷயத்தில் பழைய ஆலோசனைகளைத் தூக்கிப் போடுங்கள். ஐந்து, ஏழு பக்கம் எழுதிய காலம் போய்விட்டது. 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து இரண்டு பக்கம்தான். அந்த இரண்டு பக்கத்துக்குள் ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய, முடிந்த மாதமும் ஆண்டும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன கிரேடு என்பதும் இருக்க வேண்டும். நல்ல பகுப்பாய்வாளர்கள் கவிழ்வது இங்கேதான். தாங்கள் எழுதிய அறிக்கைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அறிவிப்பு கேட்பதோ பிறர் எழுதியதைத் திருத்தியது, வேலையைப் பங்கிட்டது, முன்னுரிமை வகுத்தது, தகவல் சேகரிப்பில் உள்ள ஓட்டையைக் கண்டு கோரிக்கை அனுப்பியது. ஜிஎஸ்-13இல் அதிகாரப்பூர்வமாக மேற்பார்வையாளராக இருந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான அறிவிப்புகள் கேட்பதில்லை. குழுத் தலைவராகவோ தற்காலிகப் பொறுப்பிலோ செய்ததே போதும், ஆனால் எத்தனை பேர், எவ்வளவு காலம், எத்தனை அறிக்கைகளைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தீர்கள் என்பது எண்ணாக இருக்க வேண்டும். “குழுவை வழிநடத்தினேன்” என்ற வரியை வைத்து எச்ஆர் ஊழியர் எதையும் டிக் செய்ய முடியாது.

நேர்காணலில்தான் முதன்முதலாக வேலை தெரிந்தவர்கள் எதிரே உட்காருகிறார்கள். கேள்விகளை அப்படியே வெளியில் எழுதக் கூடாது, வடிவத்தைச் சொல்லலாம். நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்பதைவிட, கீழே உள்ளவர் எழுதியதில் எதைப் பிடிப்பீர்கள் என்பதையே தோண்டுவார்கள். 2015 ஜனவரியில் வந்த ஐசிடி 203, அதாவது உளவுப் பகுப்பாய்வுத் தரங்களை வகுக்கும் உத்தரவு, கைவசம் இருக்க வேண்டும். மனப்பாடமாக வேண்டாம், பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். இப்படி ஒரு பத்தியை நீங்களே எழுதிப் பழகலாம் (ஓடாய் மேசா, நோகாலெஸ் இரண்டும் மெக்சிகோ எல்லைச் சாவடிகள், ஃபென்டனில் ஒரு போதைப்பொருள்): “ஓடாய் மேசா வழியாக வந்த ஃபென்டனில் சரக்கு நோகாலெஸ் பக்கம் திரும்புவதற்கான வாய்ப்பு அதிகம் என்று உயர்ந்த நம்பிக்கையுடன் மதிப்பிடுகிறோம், நோகாலெஸில் பறிமுதல்கள் இரட்டிப்பாகியுள்ளன.”

இதில் இரண்டு ஓட்டைகள். “வாய்ப்பு அதிகம்” என்பது நிகழ்தகவு; ஐசிடி 203 கணக்கில் 55 முதல் 80 சதவீதம். “உயர்ந்த நம்பிக்கை” என்பது ஆதாரத்தின் தரத்தைப் பற்றியது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்கக் கூடாது என்று அந்த ஆவணமே சொல்கிறது. இதைப் பலர் பிடித்துவிடுவார்கள். இரண்டாவதில்தான் கோட்டை விடுவார்கள்: பறிமுதல் கூடியது சரக்கு கூடியதாலா, சோதனை கூடியதாலா? அங்கே புதிதாக ஒரு ஸ்கேனர் வைத்திருந்தாலும் எண்ணிக்கை ஏறும். எத்தனை வண்டிகளைச் சோதித்தார்கள் என்ற அடிக்கணக்கு இல்லாமல் பறிமுதல் எண்ணை வைத்துப் போக்கு சொல்லும் அறிக்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும். எப்படித் திருப்புவீர்கள் என்பது அடுத்த கேள்வி. “நானே திருத்திவிடுவேன்” என்றால் மதிப்பெண் போச்சு. குறையை எழுதிக் கொடுத்து, அவரையே திருத்த வைத்து, காலக்கெடுவையும் காப்பாற்றுகிறவர்தான் மேற்பார்வையாளர்.

சட்ட அதிகாரம் பற்றிய கேள்வியில் வேறு துறைகளிலிருந்து வருகிறவர்கள் வழுக்குவார்கள். சிபிபி இருக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள், உளவுச் சமூகம் எனப்படும் அமெரிக்க உளவு அமைப்புகளின் கூட்டில் உறுப்புகள் இரண்டுதான்: உளவு, பகுப்பாய்வு அலுவலகமும் கடலோரக் காவல்படையின் உளவுப் பிரிவும். சிபிபியின் உளவு அலுவலகம் அதில் இல்லை. அது சுங்க, குடியேற்றச் சட்டங்களின் அதிகாரத்தில் இயங்குகிறது. அமெரிக்கக் குடிமக்களின் தகவலைக் கையாள்வது பற்றிக் கேட்டதும் உளவுச் சமூகத்துக்கான 12333ஆம் நிர்வாக ஆணையை எடுத்து விட்டால், இந்த வீட்டைத் தெரிந்துகொள்ளாமல் வந்தவர் என்று முகத்திலேயே தெரிந்துவிடும்.

பரிசோதனைகளுக்கு உட்பட்ட முதற்கட்ட நியமனக் கடிதம் வந்ததும் சந்தோஷப்படலாம், ராஜினாமா மட்டும் செய்யக் கூடாது. ஏற்கெனவே கிளியரன்ஸ் (ரகசியத் தகவலைக் கையாளும் அனுமதி) இருந்தாலும் தகுதிப் பரிசோதனை தனியாக நடக்கும். இறுதிக் கடிதமும் சேரும் தேதியும் எழுத்தில் வரும்வரை பழைய நாற்காலியிலேயே இருங்கள்.

பின்னணி விசாரணைக்கான எஸ்எஃப்-86 படிவத்தை நம்மவர்கள் நிரப்புவது தனி அவஸ்தை. முதல் தொல்லை பெயர். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் வந்து, விசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதற்பெயர் தெரியவில்லை) என்று விழுந்து, குடியுரிமை பெறும்போது அப்பா பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். அத்தனை வடிவங்களையும் ஐந்தாம் பிரிவில் தேதி வாரியாகப் போடுங்கள். கைரேகைக்குப் போகும்போது பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். பொருந்தாவிட்டால் அரை நாள் விடுப்பு எடுத்துப் போனதெல்லாம் வீண், கவுண்டரில் இருப்பவர் விளக்கம் கேட்க மாட்டார்.

பழைய இந்தியக் கடவுச்சீட்டின் எண்ணும் வேண்டும். ஒப்படைத்துச் சரண்டர் சான்று வாங்கியிருந்தாலும், எப்போதாவது வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இருந்ததா என்பதுதான் கேள்வி.

உறவினர் பகுதியில் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளோடு மாமனார், மாமியாரும் வருவார்கள். அண்ணி, அத்தான், சித்தப்பா இதில் வரமாட்டார்கள், ஆனால் வெளிநாட்டுக் குடிமக்களாக இருந்து நெருக்கமான தொடர்பும் இருந்தால் வெளிநாட்டுத் தொடர்புகளுக்கான 19ஆம் பிரிவுக்குப் போவார்கள். ஊருக்குப் போன் போட்டு மாமனாரிடம் பிறந்த தேதியும் வேலை பார்த்த இடத்தின் முகவரியும் கேட்டால், “எதுக்கு மாப்ள இப்ப அதெல்லாம்?” என்றுதான் தொடங்குவார். பொறுமையாகக் கேட்டு வாங்குங்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, ஜாதகத்தில் ஒரு தேதி என்று இருந்தால், அரசு ஆவணத் தேதியைப் போட்டுக் குறிப்புப் பெட்டியில் விளக்குங்கள். வெளிநாட்டு அரசோடு தொடர்புண்டா என்ற கேள்விக்கு, ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், மின்வாரிய ஊழியர் என்பதையும் சொல்லிவிடுவது உத்தமம். அத்தகைய உறவால் விண்ணப்பம் நிற்பது அரிது. மறைத்தது பின்னால் தெரிந்தால், நேர்மை பற்றிய கேள்வியாக மாறிவிடும். ஊரில் உள்ள சொத்து பற்றிய கேள்வி, இனி வரப்போகும் பங்கையும் சேர்த்தே கேட்கிறது. பூர்வீக வீட்டில் பாகம் பிரிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள்.

சம்பளத்தில் பேரத்துக்கு இடமில்லை. பழைய கிரேடில் இரண்டு ஸ்டெப் கூட்டி, அதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கும் அடுத்த கிரேடின் முதல் ஸ்டெப்பில் உட்கார வைப்பார்கள். 13இன் ஐந்தாம் ஸ்டெப்பில் இருந்தவர் 14இன் இரண்டாவதுக்கும், பத்தாவதில் இருந்தவர் ஆறாவதுக்கும் போவார். ஸ்டெப் உயர்வு சில வாரங்களில் வரவிருந்தால், அதை வாங்கிக்கொண்டு சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சில நேரங்களில் ஒரு ஸ்டெப் கூடுதலாகக் கிடைக்கும்.

முதல் முறை மேற்பார்வையாளருக்கு ஓராண்டு தகுதிகாண் பருவம் உண்டு. அதில் தேறாவிட்டால் வேலை போகாது, முன்பிருந்த கிரேடுக்கும் சம்பளத்துக்கும் குறையாத இடம் தர வேண்டும். மேற்பார்வைப் பயிற்சியை அந்த ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும், யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

ஊரில் கல்யாணம், காதுகுத்து என்று டிக்கெட் போடுகிறவர்கள், 2017 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, சொந்த வெளிநாட்டுப் பயணத்தைப் புறப்படும் முன்பே தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும். துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறினால் அதையும் பயணத் திட்டத்தில் சேர்த்து எழுதுங்கள்.