முறமும் யாளியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை, வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டில், ஐந்து வயதான என் அண்ணன் மகள் அரிசி புடைக்கும் முறத்தை முதலில் படகாகவும், பிறகு முதுகில் கவிழ்த்து ஆமை ஓடாகவும், கடைசியில் பொம்மைக்குத் தொட்டிலாகவும் ஆக்கிக்கொண்டிருந்தாள். “முறத்தை மிதிக்காதேடி” என்று அம்மா அதைப் பிடுங்கி ஆணியில் மாட்டிவிட்டார். அம்மாவுக்கு முறம் முறம்தான்.

ஒரு பொருளின் வழக்கமான பயன் அதன் மற்றப் பயன்களை மறைத்துவிடுவதை உளவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். டிம் ஜெர்மன், மார்கரெட் டெஃபைட்டர் ஆகியோர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சாமான் வைக்கும் பெட்டியாகக் காட்டப்பட்ட ஒன்றை, உயரத்தை எட்டுவதற்கான படியாகப் பயன்படுத்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் தயங்கினார்கள். ஐந்து வயதினருக்கு அந்தத் தயக்கம் இல்லை.

இதைப் படித்ததும், பிள்ளைகளின் கற்பனையை மழுக்குவதாகப் பள்ளிக்கூடத்தின் மீது பழிபோடுவது சுலபம் (நானும் போட்டிருக்கிறேன்). ஆனால் அன்று மாலை கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் நின்றபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. சிங்க உடலும் வேற்று முகமும் கொண்ட யாளியைக் கற்பனை செய்யக் குழந்தையாலும் முடியும். அந்தக் கற்பனையைக் கருங்கல்லில், உளி ஓரிடத்திலும் பிசகாமல், தசை முறுக்கேறித் தூணிலிருந்து பாய்வதுபோல் நிறுத்துவதற்குப் பல்லாண்டுப் பயிற்சி பெற்ற கை வேண்டும். கல் எங்கே பிளக்கும் என்ற அறிவும் அங்கே கற்பனையின் பகுதிதான்.

உடன் வந்திருந்த அண்ணன் மகளோ தூணை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: “சித்தப்பா, இது இட்லி சாப்பிடுமா, புல் சாப்பிடுமா?”