வீட்டில் நெபுலைசர் வைக்கப் பழகியது

மகளுக்கு வீசிங் (மூச்சு இழுப்பு) வரும்போதெல்லாம் வீட்டிலேயே நெபுலைசர், அதாவது மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் மெஷின், வைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெஷின் வாங்கியாயிற்று, ஆனால் அதைச் சரியாக வைக்கப் பழகத்தான் நாளானது.

முதலில் மாஸ்க். குழந்தை முரண்டு பிடிக்கிறாளே என்று முகத்துக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் மருந்து பெரும்பாலும் காற்றோடு போய்விடும், அழும்போது வைத்தாலும் உள்ளே இறங்குவது ரொம்பக் குறைவு. அதனால் அவள் நன்றாக இருக்கும் நாளில் மருந்தில்லாமல் மெஷினை ஓடவிட்டுச் சத்தத்துக்குப் பழக்கினோம், பொம்மைக்கு மாஸ்க் மாட்டி விளையாடினோம். இப்போது மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடி ஒட்டியிருக்க, அமைதியாக மூச்சு விடுகிறாள்.

மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்தான சால்புடமால் டாக்டர் எழுதிய அளவுதான். கலப்பதற்கு 0.9 சதவீத ஸ்டெரைல் சலைன் (கிருமி நீக்கிய உப்பு நீர்) மட்டுமே. வெறும் தண்ணீர், அது எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும், மூச்சுக்குழாயை இன்னும் இறுக்கிவிடலாம். மருந்து ஊற்றும் கப் நேராக இருக்கவேண்டும். பத்து நிமிடம் போல ஆனதும் புகை விட்டு விட்டு வரும், அப்போது கப்பை விரலால் தட்டினால் ஓரத்தில் ஒட்டிய துளிகள் இறங்கும். முடிந்தபின் கை லேசாக நடுங்கலாம், நெஞ்சு படபடக்கலாம், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். புடசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தை வைத்தால் முகத்தைத் துடைத்து வாய் கொப்பளிக்க வைத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படியலாம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது சுத்தம்தான். ஈரத்தோடு விட்ட கப்பில் கிருமி வளரும், அடுத்த முறை அது நேராக நுரையீரலுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் கப்பையும் மாஸ்க்கையும் கழற்றி அலசி, சுத்தமான துணிமேல் காயவைக்கிறேன், தினமும் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவுகிறேன். கொதிநீரில் போடலாமா என்பது கிட்டுக்குக் கிட்டு (கப், மாஸ்க், ட்யூப் சேர்ந்த தொகுப்பு) மாறும், கூட வந்த கையேட்டைப் பார்த்துவிடுங்கள். ட்யூபைக் கழுவக்கூடாது, உள்ளே நீர்த்துளி தெரிந்தால் ட்யூபை மட்டும் மாட்டி மெஷினை ஓடவிட்டால் காய்ந்துவிடும். ஃபில்டர் சாம்பல் நிறமாகிவிட்டால் மாற்றிவிடுவேன்.

அப்புறம் ஒன்று. மருந்து வைத்தும் விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளிழுத்தால், உதடு நீலம் பாரித்தால், ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடியாவிட்டால், டாக்டர் சொன்ன இடைவெளிக்கு முன்பே மறுபடி இழுப்பு வந்தால், வீட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருக்காமல் உடனே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். வைத்த நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதி மெஷின் பையிலேயே வைத்திருக்கிறேன், அங்கே போனதும் டாக்டர் கேட்பது அதைத்தான்.